சமதரைக் காருக்கு ஒரு பெரிய பிரேக்

எங்கள் பக்கத்தில் காரின் பிரேக் என்பது ஆடு மாடுகளுக்காகவும், சைக்கிளில் போகும்போது பின்னால் திரும்பிக் கதைக்கிறவர்களுக்காகவும் வைக்கப்பட்ட ஒரு சாமான். கடலுக்கும் வயலுக்கும் நடுவில் பாய் விரித்த மாதிரிக் கிடக்கிற ஊர் கல்முனை. வீதியில் ஒரு பந்தை வைத்தால், யாரும் உதைக்காதவரை அது வைத்த இடத்திலேயே இருக்கும். ஏற்றம் எங்கே என்று கேட்டால் பாலத்துக்கு ஏறுகிற அந்தச் சின்ன மேட்டைத்தான் காட்டுவோம், அதையும் கொஞ்சம் பெருமையாகவே காட்டுவோம்.

அதனால் எங்களுடைய ஓட்டமும் ஒரு தனி வகை. நிற்க வேண்டிய இடம் தூரத்தில் தெரிந்ததும் கியரை நியூட்ரலில் தள்ளிவிட வேண்டும். கார் தானாக உருண்டு போய் நிற்கும். பெற்றோல் மிச்சம், பிரேக்கும் மிச்சம். கடை வாசலில் கால் பிரேக்கில் படாமலே காரைக் கொண்டுவந்து நிறுத்துகிறவனை வாப்பா நல்ல டிரைவர் என்பார். நான் நல்ல டிரைவர்.

வாப்பாவுக்குக் கல்முனைச் சந்தையில் புடவைக் கடை. எழுபதுகளின் கடைசியில் இறக்குமதிக் கதவு திறந்ததும் ஜப்பான் கார்கள் ஊருக்குள் வரத் தொடங்கின. எங்களுக்கும் ஒன்று வந்தது, ஏற்கெனவே ஒருவர் பாவித்த கார்தான். பின்பக்கத்தை யாரோ கத்தியால் வெட்டிவிட்ட மாதிரி இருக்கும். டிக்கி இருக்க வேண்டிய இடத்தில் மேலே தூக்கித் திறக்கிற ஒரு கதவு. சந்தையில் அதை வால் அறுந்த கார் என்றார்கள். என்னுடைய ராத்தா, அதாவது அக்கா, "இதுக்கு வாய் பின்னால இரிக்கி" என்பார். அந்த வாய்க்குள் புடவைக் கட்டுகளை அடுக்கலாம் என்பதற்காகத்தான் வாப்பா அதை வாங்கினார்.

நான் அதைக் காதலித்தேன் என்று எழுதினால் மிகையில்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, அடுத்தது என்ன என்று தெரியாமல் கால் தரிக்காமல் திரிந்த காலம் அது. கடைக்கு வரும் ஜப்பான் துணிக் கட்டுகளுக்குள் கசங்காமல் இருக்கவென்று பழைய சஞ்சிகைத் தாள்களைத் திணித்திருப்பார்கள். அவற்றில் கார்ப் படங்கள் இருக்கும். எழுத்து ஒன்றும் விளங்காது, படம் விளங்கும். ஒரு தாளில் காரின் முன்சக்கரத்தைக் கழற்றி உள்ளே இருப்பதைக் காட்டியிருந்தார்கள். தட்டு மாதிரி ஒரு இரும்பு டிஸ்க். ஒரு தட்டுக்கூட இல்லை, இரண்டு தட்டு. நடுவில் காற்றுப் போய்வர வழி. அந்தத் தாளை நான் எறியவில்லை, மேசை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டேன். எங்கள் காரில் இருந்தது ஒற்றைத் தட்டு, அதுவும் சின்னது.

அந்தத் தட்டுக்கு வேலை வந்தது ராத்தாவால். ராத்தாவுக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தது, கணிதம் படிப்பிக்க. பள்ளிக்கூடம் லுணுகலைக்கு மேலே மலையில். உம்மா மூன்று நாள் கதைக்கவில்லை. பிறகு ஒரு நிபந்தனையோடு விட்டார்: பஸ் மாறி மாறித் தனியாகப் போய்வரக் கூடாது, தம்பி காரில் கொண்டுபோய் விட்டுத் தம்பியே கூட்டிவர வேண்டும். மலையில் ஒரு குடும்பத்தோடு ராத்தா தங்கினார். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை நான் போய்க் கூட்டிவருவேன், ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கொண்டுபோய் விடுவேன். அம்பாறை தாண்டி, மகாஓயா தாண்டி, பிபிலையில் ஒரு தேத்தண்ணி. அதற்குப் பிறகு மலை.

வழி முழுக்க ராத்தா பள்ளிக்கூடக் கதைதான் சொல்வார். அவர் போவதற்கு முன் அங்கே கணிதத்துக்கு ஆளே இல்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை, கணக்கைப் பார்த்ததும் விடையைச் சொல்லிவிடுமாம், எப்படி வந்தது என்று கேட்டால் அழுமாம். "அத அழாமச் செய்யப் பழக்கணும், அதுதான் என்ட வேல" என்பார் ராத்தா.

அந்த வருடம் மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், இருவரும் இறங்கி வந்துகொண்டிருந்தோம். நான் வழக்கம்போல நியூட்ரலில் விட்டிருந்தேன். இறக்கம் இலவசமாகக் கிடைக்கும்போது பெற்றோலை ஏன் எரிக்க வேண்டும். வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்து வந்தேன். முதலில் ஒரு வாசம் வந்தது, வெறும் சட்டியை அடுப்பில் மறந்துபோன மாதிரி.

"என்ன தம்பி கருகுது?" என்றார் ராத்தா.

"தேயிலை காயப்போடுவாங்க போல."

அடுத்த வளைவில் பிரேக் தலையணையில் கால் வைத்த மாதிரி அமிழ்ந்தது. அதற்கடுத்த வளைவில் தரை வரைக்கும் போனது. நான் கைப்பிரேக்கை இழுத்து, காரை மலைப்பக்கம் திருப்பி, மழைத்தண்ணீர் ஓடுகிற வீதியோரக் கானுக்குள் இறக்கினேன். ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. ராத்தாவின் மடியில் இருந்த தேயிலைப் பொட்டலம் உடைந்து எங்கள் இருவர் மேலும் கொட்டியிருந்தது. மற்றப் பக்கம் என்ன இருந்தது என்பதை இருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

அரை மணித்தியாலம் கழித்து, சும்மா ஒருமுறை மிதித்துப் பார்த்தேன். பிரேக் இருந்தது. கல்லு மாதிரி இருந்தது. எனக்குப் பயத்தை விட வியப்புத்தான் அதிகம் வந்தது. போனது திரும்பி வருமென்றால் ஒன்றும் உடையவில்லை. சூடாகியிருக்கிறது, அவ்வளவுதான். சூடு என்றால் அதற்கு ஒரு கணக்கு இருக்கும். தேயிலை ஏற்றிப்போன லொறிக்காரர் கயிறு போட்டு எங்களை வெளியே இழுத்துவிட்டார். மிச்ச மலையை நடக்கிற வேகத்தில் இறங்கினோம்.

ராத்தா எதையும் மறைக்கிறவர் இல்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார். "உம்மா, இண்டைக்கு நாங்க கானுக்குள்ள விழுந்த. அல்லா காப்பாத்தின. பசிக்குது, சோத்தப் போடுங்க."

உம்மா சோறு போட்டார். எதிரே உட்கார்ந்து, நாங்கள் சாப்பிட்டு முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "இனிப் போற இல்ல."

"எங்க?"

"மலைக்கு. சம்பளமும் வேணாம் ஒண்டும் வேணாம். இப்பவே எழுதிக் குடு, வேல வேணாமெண்டு."

ராத்தா கை கழுவிவிட்டு வந்தார். "ஏப்ரல் லீவு முடியட்டும் உம்மா. அதுக்குள்ள தம்பி பிரேக்கச் சரியாக்கினா நான் போவன். சரியாக்காட்டி எழுதிக் குடுக்கன்."

லீவு வருமட்டும் இருந்த சொச்ச நாட்களுக்கு வாப்பா கடையை மூடிவிட்டு, வேறொரு கார் பிடித்து ராத்தாவைக் கூட்டிக்கொண்டு போய்வந்தார். லீவு தொடங்கியதும் பந்து என் பக்கம். கானுக்குள் காரை விட்டவனிடமே ராத்தா தன்னுடைய வேலையைக் கொடுத்து வைத்திருந்தார். அதற்கு நான் இன்றுவரை நன்றியுள்ளவன். அந்த வயதில் என்னிடம் அவ்வளவு பெரிய ஒன்றை யாரும் கொடுத்து வைத்ததில்லை.

பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பில் எங்கள் காரைப் பார்க்கிற மெக்கானிக் ஒருவர் இருந்தார், பாஸ் என்று கூப்பிடுவோம். தென்னோலைக் கொட்டில்தான் கராஜ். வேலையை விட வாய் பெரிது, வேலையும் பெரிதுதான். கதையை முழுக்கக் கேட்டுவிட்டு முன்சக்கரத்தைக் கழற்றினார். டிஸ்க் நீலம் பாரித்துக் கிடந்தது. பிரேக் ஒயிலைத் திறந்தார். கறுப்பு.

"இது ஒயில் இல்ல தம்பி, கோப்பி" என்றார். "கடல்காத்து ஈரத்தக் குடிச்சுக் குடிச்சுத் தண்ணியாப் போயிட்டு. தண்ணியெண்டாக் கொதிக்கும்தானே."

"ஒயில மாத்தினாப் போதுமா பாஸ்?"

"மாத்தி, பூஸ்டர் ஒண்டு வெப்பம். மெல்லத் தொட்டாலும் புடிக்கும்."

நான் மேசை இழுப்பறைத் தாளை எடுத்துக்கொண்டுதான் போயிருந்தேன். "புடிக்காதது இல்லப் பிரச்சின. சூட்டைத் தாங்காதது. பூஸ்டர் வெச்சாலும் சூடு குறையாது. இந்த மாதிரிப் பெரிய டிஸ்க் போடணும், நடுவால காத்துப் போறது."

பாஸ் தாளை வாங்கி, தலைகீழாகப் பார்த்து, நேராகப் பார்த்து, எண்ணெய் விரலால் படத்தைத் தொட்டார். "நாங்க தீ மிதிக்கிற ஊர்க்காரர். எங்களுக்கே சூட்டப் பத்திச் சொல்லித் தாறீங்களோ?"

"நீங்க ஓடிப்போய் இறங்கிருவீங்க பாஸ். இந்தப் பிரேக் நெருப்புக்குள்ளேயே நிக்க வேண்டியிருக்கு."

அவர் தாளை என்னிடம் திருப்பித் தந்தார். பிறகு சிரித்துவிட்டார். "சரி, பூஸ்டர விடுங்க. கொழும்புக்குப் போவம்."

பெரிய டிஸ்க் என்று முடிவு செய்வது லேசு. எவ்வளவு பெரியது என்பதில்தான் என் நித்திரை போனது. டிஸ்க் பெருத்தால் அதைப் பிடிக்கிற இடுக்கியும் வெளியே தள்ளும், அது ரிம்மில் முட்டும். ரிம்மைப் பெரிதாக்கினால் டயர் மட்கார்ட்டில் உரசும். நான் கடையில் ஆம்பிளைச் சேட்டுகள் வரும் அட்டைப் பெட்டி மூடிகளை எடுத்து, வெவ்வேறு அளவில் வட்டம் வட்டமாக வெட்டினேன். விறாந்தையில் தைத்துக்கொண்டிருந்த ராத்தா எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பார்த்தார்.

"நீ எத வாங்கப் போறாய்?"

நான் ஆகப் பெரியதைத் தூக்கிக் காட்டினேன்.

"சட்டையப் பெரிசாத் தைச்சா புள்ள வளந்து போடும்" என்றார் ராத்தா, திரும்ப ஊசியைக் கையில் எடுத்தபடி. "கார் வளராது தம்பி."

அட்டைகளைக் கட்டிக்கொண்டு பாஸும் நானும் கொழும்பு பஸ் ஏறினோம். பஞ்சிகாவத்தையில் தெரு நீளத்துக்கும் கழற்றிய கார்கள். கதவுகள் ஒரு பக்கம், எஞ்சின்கள் ஒரு பக்கம், ஜப்பானில் பிறந்து எங்கள் கைக்கு வந்த இரும்பெல்லாம் குவியல் குவியலாக. நான் சீனிக் கடைக்குள் போன எறும்பானேன். மூன்று சோடி டிஸ்க் எங்கள் முன் வந்தன. ஒன்று எங்கள் காரினுடையதே, புதிது, ஒற்றைத் தட்டு. அடுத்தது அதே காரின் பெரிய எஞ்சின் வகைக்கு உரியது, இரட்டைத் தட்டு. மூன்றாவது வேறொரு பெரிய காரினுடையது. படத்தில் இருந்தது அதுதான், அச்சு அசல் அதுதான். தூக்கினால் தோள் இறங்கியது.

"எடுக்கிறது எடுக்கிற, பெரிசா எடுப்பம்" என்றார் பாஸ். கொட்டிலில் என்னோடு சண்டை பிடித்தவர் இப்போது என்னை விட மோசமாக விழுந்திருந்தார்.

டயர் உரசாமல் அடங்கக்கூடிய ஆகப் பெரிய அட்டையை அதன்மேல் வைத்தேன். அட்டைக்கு வெளியே நாலு பக்கமும் இரும்பு தெரிந்தது. பாஸ் அட்டையைக் கொஞ்சம் நகர்த்தினார். நகர்த்தினால் ஒரு பக்கம் மறையும், மற்றப் பக்கம் இன்னும் தெரியும். இரண்டு வளர்ந்த ஆண்கள் நடுத்தெருவில் குந்தியிருந்து ஒரு சேட்டுப் பெட்டி மூடியை அப்படியும் இப்படியும் தள்ளிக்கொண்டிருந்ததைக் கடைக்காரர் தேத்தண்ணி குடித்தபடி பார்த்தார். எனக்கு ராத்தாவின் குரல் கேட்டது. நடுச் சோடியை எடுத்தேன். ஆணித் துளைகள் பொருந்தின. ரிம் மட்டும் ஓர் அங்குலம் கூட வேண்டும், டயர் உரசாது. பாஸ் டிஸ்க்கை வெயிலுக்கு நேரே பிடித்து, இரண்டு தட்டுக்கும் நடுவால் வெளிச்சம் தெரிவதைப் பார்த்தார். "காத்துப் போகும்" என்றார், அதைத் தானே கண்டுபிடித்த மாதிரி.

டிஸ்க், இடுக்கி, ரிம் எல்லாவற்றையும் நெல்லுச் சாக்குகளில் போட்டுத் திரும்பினோம். கண்டக்டர் சாக்கைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"என்ன இது?"

"பிரேக்" என்றார் பாஸ்.

"அப்ப இந்த பஸ்ஸுக்கு மாட்டிவிடுங்க. இதுல ஒண்டும் இல்ல."

எல்லாவற்றையும் காரில் பூட்டி முடித்த நாள் பாஸ் கொட்டிலைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, கார் வெளியே வரும்போது ஓரமாக நின்றார், கலியாண மாப்பிள்ளைக்கு வழிவிடுகிற மாதிரி. புது ஒயில், புதுக் குழாய், புது பேட். கால் வைத்தால் கார் நின்றது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நினைத்த இடத்தில் நின்றது. நான் வீட்டுக்குப் போய், "உம்மா, வாங்க காட்டுறன்" என்றேன்.

இங்கேதான் எங்கள் ஊர்க்காரன் மட்டும் செய்யக்கூடிய பிழை நடந்தது. எங்களுக்கு மலை இல்லை. மலைக்கென்று போட்ட பிரேக்கைச் சமதரையில் காட்ட வேண்டுமென்றால் வேகமாகப் போய்ச் சட்டென்று நிறுத்திக் காட்டுவது ஒன்றுதான் வழி. அதற்கு நீளமான, ஆளில்லாத வீதி வேண்டும். நற்பிட்டிமுனை தாண்டி சவளக்கடைப் பக்கம் போகிற வீதியைத் தேர்ந்தேன். வெள்ளாமை வெட்டி முடிந்த நாட்கள். அந்த நாட்களில் எங்கள் தார்வீதிகளில் பாதி வீதிக்கு மேல் நெல் காயும். அந்த வீதியில் ஏன் ஆளில்லை என்றால் அதனால்தான். நெல்லின் மேல் மெல்லப் போக வேண்டும், திருப்பக் கூடாது, பிரேக்கைத் தொடவே கூடாது. இது சைக்கிள் ஓடுகிற பிள்ளைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நெல் தொடங்குகிற இடத்துக்கு நன்றாக முன்னாலேயே நிறுத்துவதாகத்தான் என் கணக்கு.

முன்னால் உம்மா, பின்னால் ராத்தா. வேகம் எடுத்தேன். கணக்குப் பண்ணிய இடத்தில் மிதித்தேன். கோழிகள் கிளறி, காற்று இழுத்து, தார் நிறத்திலேயே மெல்லிசாகச் சிதறிக் கிடந்த நெல்மணிகள் என் கணக்கில் இல்லை. முன்சக்கரங்கள் அந்தக் கணமே உருளுவதை நிறுத்தின. கார் நிற்கவில்லை. சறுக்குப் பலகையில் போகிற மாதிரி, சத்தமே இல்லாமல், நேராகக் குவியலுக்குள் போய் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது.

பலகையால் நெல்லை இழுத்துப் பரப்பி வலித்துக்கொண்டிருந்த பெண் ஒருவர் பலகையை ஊன்றிக்கொண்டு எங்களைப் பார்த்தார். அவசரப்படவில்லை. "பசிச்சா வீட்டுல சோறு குடுக்க மாட்டாங்களா?" என்று காரைக் கேட்டார். பிறகு என்னை: "கோழியத் துரத்தக் கம்பு வெச்சிரிக்கன் தம்பி. இதத் துரத்த என்னத்த வெக்க?"

"பிரேக்கப் பாத்த, மாமி."

"பாத்தாச்சா? எப்புடி?"

உம்மா இறங்கினார். முந்தானையைச் செருகிக்கொண்டு, சிதறிய நெல்லைக் கையால் கூட்டத் தொடங்கினார். ராத்தாவும் நானும் சேர்ந்துகொண்டோம். அந்தப் பெண் உம்மாவுக்குப் பலகையைக் கொடுத்துவிட்டு, காரின் மூக்குக்கு அடியில் இருந்ததைத் தான் வலித்தார். குவியல் பழையபடி ஆனதும் உம்மா என்னைப் பார்த்தார்.

"இதுதானா மகன் பெரிய பிரேக்?"

"இது பிரேக் இல்ல உம்மா, டயர். நெல்லுல சக்கரம் வழுக்கின..."

"கொழும்புக்குப் போய் வாங்கிட்டு வந்த, நெல்லுக்கு முன்னால நிக்கல்ல. மலைக்கு முன்னால நிக்குமா?"

என்னிடம் பதில் இருந்தது, முழு உராய்வுப் பாடமும் இருந்தது. அதை விட்டுவிட்டுக் காரைத் திருப்பினேன். வீட்டுக்குப் போகும் வழியில் உம்மா ராத்தாவிடம், "நாளைக்கு எழுதிக் குடு" என்றார்.

சந்தை தெரியும்போதுதான் ராத்தா வாய் திறந்தார். "எழுதிக் குடுக்கன் உம்மா. ஒண்டு மட்டும் செய்ங்க. லீவு முடிய நான் போறக்குள்ள நீங்களும் வாங்க. என்ன அங்க இறக்கிட்டு, தம்பியோட நீங்க கீழ இறங்குங்க. பிபிலைக்குப் போற வரைக்கும் பாருங்க. சரியில்லாட்டி அங்கயிருந்தே திரும்பி வந்து என்னக் கூட்டிட்டுப் போங்க. நான் ஒண்டும் கதைக்க மாட்டன்."

உம்மா அதுவரை மலை பார்த்ததில்லை. ஆனால் லீவு முடிந்த ஞாயிற்றுக்கிழமை விடியும்போது சோற்றுப் பார்சல் இரண்டுக்குப் பதிலாக மூன்று கட்டியிருந்தார்.

ஏறும்போது உம்மா ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்தார். ராத்தா தங்குகிற வீட்டுப் பெண்ணோடு கொஞ்சம் கதைத்தார். ராத்தா பெட்டியை இறக்கினார், ஆனால் திறக்கவில்லை. வாசலில் வைத்து, அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டார். நான் கண்ணாடியில் பார்த்தேன். முதல் வளைவு திரும்புமட்டும் அப்படியே நின்றார்.

உம்மா முன் இருக்கையில். உதடு அசைந்துகொண்டிருந்தது, துஆ ஓதுகிறார் என்று விளங்கியது. நான் வழக்கம்போல நியூட்ரலில் விட்டேன். ஒரு வளைவு, இரண்டு வளைவு, எட்டுப் பத்து வளைவு. பிரேக் கல்லு மாதிரி. வாசம் இல்லை. எனக்கு ஒரே சந்தோசம். பக்கத்தில் பார்த்தால், நான் மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் உம்மாவும் வலது காலால் தரை விரிப்பை அழுத்துகிறார். சரியாக என்னோடு, சில நேரம் எனக்கும் முந்தி.

ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். அது உறுமிக்கொண்டு இறங்கியது.

"அந்த பஸ் என்னத்துக்கு அனுங்குது?" என்றார் உம்மா. இறக்கம் தொடங்கியதிலிருந்து அவர் சொன்ன முதல் வார்த்தை. "ஏறக்குள்ள அனுங்கினாச் சரி. இறங்கக்குள்ள சும்மா வரத்தானே?"

பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு வளைவு போனேன். அதன் பிரேக் விளக்கு எப்போதாவது ஒருமுறைதான் எரிந்தது. அப்போது பிடிபட்டது. அது கியரில் இறங்குகிறது. எஞ்சினே அதைப் பிடித்து வைத்திருக்கிறது. இவ்வளவு காலமும் நானும், பாஸும், வாப்பாவும், எங்கள் ஊரின் எல்லா நல்ல டிரைவர்களும் இறக்கம் என்ற ஒன்று இல்லாத இடத்தில் ஓட்டப் பழகியிருந்தோம். டிஸ்க்கைப் பற்றி அவ்வளவு விவாதித்தோமே, பாஸ் ஒருநாளும் "எந்தக் கியரில வந்தீங்க?" என்று கேட்கவில்லை. கேட்க அவருக்குத் தோன்றியிருக்காது. எனக்குச் சொல்லத் தோன்றாத மாதிரி.

மூன்றாம் கியர் போட்டேன், பிறகு இரண்டாம் கியர். எங்கள் காரும் உறுமியது.

"இப்ப எங்கடயும் அனுங்குது" என்றார் உம்மா.

"ஓம் உம்மா. இனி அனுங்கும்."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். காலை விரிப்பிலிருந்து எடுக்கவில்லை, ஆனால் அழுத்துவது குறைந்தது.

பெரிய பிரேக் காப்பாற்றியதா, இரண்டாம் கியர் காப்பாற்றியதா என்று பிறகு பாஸும் நானும் எத்தனையோ பின்னேரம் வாதாடியிருக்கிறோம். அவர் டிஸ்க் பக்கம். நான் நாளுக்கு ஒரு பக்கம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அந்தப் பத்து வளைவையும் அந்த டிஸ்க் தாங்கியதால்தான் உம்மா அந்தக் கேள்வியைக் கேட்கிற நிதானத்தில் இருந்தார், நானும் அதைக் கேட்கிற நிலையில் இருந்தேன். இப்போது, இந்தச் சண்டைக் காலத்தில், அந்தப் பாதையில் அப்படி நினைத்த நேரம் போய்வர முடிவதில்லை. பாண்டிருப்புக்குப் போவதற்கே நேரம் காலம் பார்க்க வேண்டியிருக்கிறது. அதனாலும் எனக்கு அந்த நாள் பெரிதாகத் தெரிகிறது. தாளைத் தலைகீழாகப் பார்த்தாலும் என்னோடு கொழும்பு வந்த பாஸுக்கு, நெல்லைக் கொட்டியவனுக்குப் பகிடியோடு விட்டுவிட்ட அந்த மாமிக்கு, கயிறு போட்ட லொறிக்காரருக்கு, ஆகப் பெரியதை வாங்க விடாத ராத்தாவுக்கு, எல்லாருக்கும் சேர்த்து ஒரு நன்றி எனக்குள் அப்படியே இருக்கிறது.

பிபிலையில் ஒரு மர நிழலில் நிறுத்தினேன். இறங்கி முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தேன். உம்மாவும் இறங்கி வந்து தன் கையை வைத்தார்.

"சுடுது."

"சுடும் உம்மா. ஆனா காத்துப் போய்வருது, பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். என்ன பார்த்தார் என்று தெரியாது. பிறகு நிமிர்ந்து, சுற்றிப் போய், ஓட்டுநர் கதவைத் திறந்து என் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். உம்மாவை அந்த இருக்கையில் நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் தேடினார்.

"எது?"

"நடுவுல இரிக்கிறது."

மிதித்தார். அது அசையவில்லை. இரண்டாம் முறை முழுப் பலத்தோடு மிதித்தார், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு. அது அசையவில்லை.

"இவ்வளவு கட்டியாவா இரிக்கும்?"

"ஓம்."

"அண்டைக்கு எப்புடி இருந்த?"

"தலையணை மாதிரி."

உம்மா கொஞ்ச நேரம் காலை அதன்மேலேயே வைத்திருந்தார். வீதியோரத்தில் தோடம்பழம் குவித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நாலு வாங்கு. நல்லாப் பாத்து வாங்கு, புளிச்சாத் தின்னேலா."

வாங்கிக்கொண்டு வந்தேன். அவர் தன் பக்கத்து இருக்கைக்கு மாறி, செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பழத்தை உரித்து, பாதியை என் கையில் வைத்தார். சுளையை வாயில் போட்டு, இனிப்பா புளிப்பா என்று நிதானமாகப் பார்த்தார்.

"நல்லம்" என்றார். "அடுத்த முற போகக்குள்ள ராத்தாவுக்கும் வாங்கிக் கொண்டு போ."

நான் காரைக் கிளப்பினேன். அங்கிருந்து கல்முனை வரைக்கும் சமதரைதான். ஆனாலும் உம்மா வலது காலை விரிப்பில் ஊன்றியே வைத்திருந்தார்.